ஆட்டக் கோட்பாட்டு ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியல்: எங்கே சறுக்குகிறார்கள்

எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு, விட்டுப்போன பக்க எண்: இவையெல்லாம் தானாகத் திருந்திவிடும். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளம் ஆய்வாளர்களின் பட்டியல்களில் சலிக்காமல் திரும்பி வருபவை வேறு.

பதிப்புகளைக் குழப்புவது

அதிகச் சேதமும் அதிக எரிச்சலும் இதில்தான். நாஷ் சமநிலையை (யாரும் தான் மட்டும் உத்தியை மாற்றி லாபம் பெற முடியாத நிலை) கணக்கிடுவது எவ்வளவு கடினம் என்று டஸ்கலாகிஸ், கோல்ட்பெர்க், பாபாடிமிட்ரியூ எழுதிய கட்டுரை 2006-இல் ஸ்டாக் என்னும் கோட்பாட்டுக் கணினியியல் மாநாட்டில் வந்தது. 2009-இல் சியாம் ஜர்னல் ஆன் கம்ப்யூட்டிங்கில் விரிவாக வந்தது. அதே ஆண்டு கணினியாளர் சங்கமான ஏசிஎம்மின் பொது இதழிலும் ஒரு வடிவம். மூன்றுக்கும் தலைப்பு ஒன்றே. மூன்றையும் தனித்தனி ஆய்வாக எண்ணிக் காட்டினால், தேர்வுக் குழுவில் இத்துறைக்காரர் ஒருவர் இருந்தாலே போதும், மீதிப் பட்டியலையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

பிரிந்து கிடந்தாலும் நஷ்டம்தான். மாநாட்டுப் பதிப்புக்கு 9 மேற்கோள், ஜர்னல் பதிப்புக்கு 8 என்றால், எச்-இண்டெக்ஸ் 12 உள்ளவருக்கு (அதாவது தலா 12 மேற்கோளாவது பெற்ற 12 கட்டுரை உள்ளவருக்கு) இரண்டுமே கணக்கில் ஏறாது. சேர்த்தால் 17, ஏறிவிடும். மேற்கோள்களை எண்ணிக் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தில் இரண்டையும் டிக் செய்து ‘மெர்ஜ்’ அழுத்தி, ஜர்னல் விவரத்தை முதன்மையாகத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்திலும் நாஷ் சமநிலை கடினமே என்று 2006 ஃபாக்ஸ் மாநாட்டில் காட்டியவர்கள் ஷி சென், ஷியாவ்தியே டெங் இருவர் மட்டும். தோராயச் சமநிலை பற்றி அதே மாநாட்டில் வந்த இன்னொரு கட்டுரையில் ஷாங்-ஹுவா தெங்கும் சேர்ந்து மூவர். இரண்டும் ஒன்றாகி 2009-இல் ஏசிஎம்மின் ஜேஏசிஎம் ஜர்னலில் மூவர் பெயரில் வந்தன. இப்படி இரண்டு கட்டுரை ஒன்றாகும்போது எதை எதோடு சேர்ப்பது? சேர்க்கவே வேண்டாம். ஆசிரியர் வரிசையும் முதன்மைத் தேற்றமும் ஒத்துப்போனால் மட்டும் சேருங்கள்; இல்லையென்றால் ஜர்னல் வரியின் கீழ் ‘இவ்விரு மாநாட்டுக் கட்டுரைகளை உள்ளடக்கியது’ என்று எழுதிவிடுங்கள்.

ஆண்டிலும் கவனம் வேண்டும். சுயநலத்தின் விலையை (ஒவ்வொருவரும் தன் லாபத்தையே பார்ப்பதால் மொத்தத்துக்கு வரும் இழப்பை) முதலில் அளந்த கூட்சூப்பியாஸ்–பாபாடிமிட்ரியூ கட்டுரை 1999-இல் மாநாட்டில் வந்தது. ஜர்னலில் வந்தது 2009-இல். அதன் மேல் எழுந்த ரஃப்கார்டன்–டார்டோஸ் கட்டுரையின் ஜர்னல் ஆண்டு 2002. ஜர்னல் ஆண்டை மட்டும் போட்டால் பிள்ளை பிறந்து ஏழு வருடம் கழித்துத் தாய் பிறந்த கதையாகிவிடும். முதலில் வந்த மாநாடும் ஆண்டும், பிறகு ஜர்னலும் ஆண்டும், இரண்டும் ஒரே வரியில் இருக்கட்டும். தேற்ற எண்ணைச் சுட்டும்போது எந்தப் பதிப்பு என்றும் குறியுங்கள். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும்.

முதல் பெயருக்கு மதிப்பெண்

கோட்பாட்டுக் கணினியியலில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில்தான் வரும். ஏஏஏஐ போன்ற செயற்கை நுண்ணறிவு மாநாடுகளில் பெரும்பாலும் பங்களிப்பு வரிசை. ஒரே ஆளின் பட்டியலில் இரண்டும் கலந்திருக்கும். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளோ, இருவருக்கு மேற்பட்டோர் எழுதிய கட்டுரையில் முதல் அல்லது முதன்மை ஆசிரியருக்கு மதிப்பெண்ணில் 70%, மற்ற ஒவ்வொருவருக்கும் 30% என்கின்றன. அகரவரிசைக் கட்டுரைகளுக்கு உடுக்குறி (*) போட்டு, பட்டியலின் தலைப்பிலேயே காரணத்தைச் சொல்லுங்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

ஒரு பக்கத்தைப் பார்த்து ஏமாறுவது

பொருளாதார இதழ்கள் மாநாட்டுத் தொகுப்பில் முழுமையாக வந்த கட்டுரையைப் பொதுவாக ஏற்பதில்லை. அதனால் பொருளாதாரமும் கணினியியலும் சேரும் ஏசிஎம்மின் இசி மாநாடு, தேர்வான கட்டுரையின் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் அச்சிடவும் அனுமதிக்கிறது. கணினியியல் கட்டுரைகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி தளத்தில் ஒற்றைப் பக்க எண்ணைப் பார்த்து ‘போஸ்டர்தானே’ என்று தள்ளுபவர்கள் உண்டு; அதற்குப் பின்னால் முழுக் கட்டுரையும் முழு மதிப்பீடும் இருக்கின்றன. ஒரு பக்கமா, முழுப் பிரதியா என்று எழுதுபவர் இறுதிப் பிரதியை அனுப்பும் முன்பே முடிவெடுக்க வேண்டும். முழுப் பிரதி தொகுப்பில் ஏறிவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

இனிஷியல்

குமரன் என்பவர் பெயரைக் ‘குமரன் செ.’ என்று கொடுத்தால், மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் பிப்டெக்ஸ் மென்பொருள் ‘செ.’ என்பதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அகரவரிசையில் அவர் இடமும் மாறும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணும் வாங்கிவிடுங்கள்.

ஸ்காலரின் தானியங்கிச் சேர்ப்பு

அணைத்துவிடுங்கள். மின்னஞ்சலில் கேட்டபின் சேர்க்கும்படி மாற்றுங்கள்.

ஆர்க்கைவ் முன்வரைவுத் தளத்தில் மட்டும் இருப்பதை ‘வெளியானவை’யில் எழுதுவது

கூடாது.