தமிழ் எம்.ஏ.விலிருந்து பாலின ஆய்வுக்கு வருவது எப்படி?

முதலில் நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. எம்.ஏ. படித்த பாடத்திலேயே எழுத வேண்டும் என்பது பொது விதி. அதனால் நான் தமிழில் எழுதினேன். மகளிரியலில் எம்.ஏ. முடித்தவர்களுக்குத் தனிப் பாடமே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. “கல்யாணத்துக்கு அப்புறம் என்ன படிப்பு?” என்று கேட்கும் சித்திகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்தும் நெறியாளர். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அவர்தான் முக்கியம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் அவர் மேற்பார்வையில் வந்த இரண்டு ஆய்வேடுகளையாவது படித்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

தலைப்புதான் பெரிய வேலை. ‘பெண்ணும் ஊடகமும்’ என்றெல்லாம் கொண்டு போகாதீர்கள். அதில் கடலே அடங்கும். என் தலைப்பு, 1930களின் இதழ்களில் வந்த சுயமரியாதைத் திருமணச் செய்திகள். இந்து திருமணச் சட்டத்துக்கான 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரும்வரை, புரோகிதர் இல்லாமல் நடந்த இந்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடையாது. எனவே அரசுப் பதிவேடுகளை நம்ப முடியாது, பெரியாரின் ‘குடி அரசு’ போன்ற இதழ்களைத்தான் புரட்ட வேண்டும். ஒவ்வொரு செய்தியிலும் ஒரே கேள்விகளைக் கேட்கிறேன்: மணமகளின் படிப்பைச் சொல்கிறார்களா? யார் தலைமை? மேடையில் பெண் யாராவது பேசினாரா? எழுதாமல் விட்டதையும் குறித்துக்கொள்கிறேன், சொல்லப்போனால் அதுதான் சுவாரசியம்.

இதற்குச் சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. குறிப்பெடுக்கும்போதே இதழின் தேதி, பக்க எண் இரண்டையும் எழுதிவிடுங்கள்.