வெளிநாட்டில் வழக்குரைஞராக எல்.எல்.எம். எந்த அளவுக்கு உதவும்?

கோவை அரசு சட்டக் கல்லூரியில் படித்து, மாவட்ட நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் தொழில் பழகிய ஒருவர் வெளிநாடு செல்ல எண்ணினால், எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடுவதற்கு முன்பே எந்த நாட்டில் உரிமம் பெறப்போகிறார் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்.எல்.எம். என்னும் சட்ட முதுநிலைப் பட்டம் தன்னளவில் வழக்குரைஞர் உரிமம் ஆகாது. சில இடங்களில் உரிமத் தேர்வு எழுதும் தகுதியைப் பெற்றுத் தரும், சில இடங்களில் அதற்குத் தேவையே இல்லை.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் படித்தவரின் சட்டப் படிப்பு ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைச் சார்ந்ததா, அதன் கால அளவு அமெரிக்கப் படிப்புக்கு இணையானதா என்று அம்மாநிலத்தின் 520.6 விதி பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் எல்.எல்.எம். இல்லாமலேயே தேர்வு எழுதலாம். ஏதேனும் ஒன்றில் மட்டும் குறை இருந்தால், அங்கீகாரம் பெற்ற அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் குறைந்தது 24 கிரெடிட் (பாட அளவு அலகு) கொண்ட எல்.எல்.எம். அக்குறையை ஈடுசெய்யும். பலரும் தவறவிடும் இடம் பாடத் தேர்வுதான். தொழில் ஒழுக்கம், சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம் ஆகியவற்றில் தலா 2 கிரெடிட்டும், உரிமத் தேர்வுக்குரிய பாடங்களில் 6 கிரெடிட்டும் கட்டாயம் என்பதால், பிடித்த பாடங்களை மட்டும் எடுத்தவர் பட்டம் பெற்றும் தேர்வு எழுத முடியாமல் போகலாம். தேர்வில் தேறிய பிறகும் 50 மணி நேர இலவசச் சட்டப் பணி முதலிய நிபந்தனைகள் உண்டு.

இங்கிலாந்தில் 2021 முதல் நடைமுறையில் உள்ள, சொலிசிட்டர் எனப்படும் வழக்குரைஞராவதற்கான எஸ்.க்யூ.இ. தேர்வுக்கு எல்.எல்.எம். தேவையில்லை, இந்தியாவில் பதிவு பெற்ற வழக்குரைஞருக்கு ஈராண்டுப் பணி அனுபவ நிபந்தனையும் பொருந்தாது. கனடாவில் என்.சி.ஏ. என்னும் தேசியக் குழு நம் படிப்பை மதிப்பிட்டு, எழுத வேண்டிய பாடங்களைச் சொல்லும். அவற்றை உள்ளடக்கி வடிவமைக்கப்பட்ட எல்.எல்.எம். படிப்புகள் அங்கே உண்மையில் பயன்படும்.

உரிமம் நோக்கமல்ல, திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களின் வெளிநாட்டு ஒப்பந்தங்களையும் நடுவர் தீர்ப்பாய வழக்குகளையும் கவனிப்பதே நோக்கம் என்பவர், பன்னாட்டு வணிகச் சட்டத்தில் படித்துவிட்டு ஊர் திரும்புவதே மேல் என்பது என் கருத்து.

தோட்டத்தை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் குடும்பங்கள் நம் பக்கம் பல உண்டு. ஆகவே அமெரிக்கா என்றால், கடனுக்குக் கையெழுத்திடுமுன் நியூயார்க் தேர்வு வாரியத்திடம் தகுதி மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, அதன் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண் சான்றுகள் கல்வி நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாரியத்துக்குச் செல்ல வேண்டும் என்பதால், அதற்கான விண்ணப்பத்தைப் பல மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.