நாலரை மணிக்குப் பூட்டைத் திறக்கும் பிள்ளைக்கு

சென்னைப் புறநகரில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கத்துப் புதுத் தெருக்களில் காலையில் நாலு ஸ்கூல் வேன் வரும்; நாலும் நாலு பள்ளி. அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் பெயர்கூடத் தெரியாமல் வளர்வது இதனால்தான். அப்பா, அம்மா கிண்டியில் மின்சார ரயில் பிடித்து வீடு சேர ஏழரை ஆகிவிடும். நாலரையிலிருந்து அதுவரை பிள்ளைக்குப் பேச ஆளில்லை. டியூஷன், கராத்தே என்று நிரப்பினால் பொழுது போகும். ஆனால் அங்கே பேசினால் திட்டு விழும், நட்பு எப்படி வரும்?

"ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "வேன்ல பக்கத்துல யாரு? டிபன் யாரோட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். பத்து நாளில் ஒரு பெயராவது இரண்டு முறை வரவில்லையென்றால் பிள்ளை தனியாகத்தான் இருக்கிறது. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். "நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; இலவசம், தமிழில் பேசலாம்.

மற்றபடி வேண்டியது ஒரு கேரம் போர்டு. தெருவில் பாட்டியோ தாத்தாவோ பகலில் இருக்கும் வீடாகப் பார்த்து, நேரில் போய்க் கேளுங்கள்: "புதன்கிழமை அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் உங்க போர்டிகோல பசங்க கேரம் ஆடட்டுமாம்மா?" போர்டும் ஒரு டப்பா சுண்டலும் உங்கள் வீட்டிலிருந்து போகட்டும், அவர்களுக்குச் சுமை கூடாது. வயது வித்தியாசம் இரண்டைத் தாண்ட வேண்டாம். இரண்டு பேர் அல்லது நாலு பேர். மூன்று பேரானால் இருவர் சேர்ந்துகொள்வார்கள், ஒருவர் ஒதுங்குவார். அது பெரும்பாலும் உங்கள் பிள்ளையாகவே இருக்கும்.

கூச்சப்படும் பிள்ளைக்குக் கேரம் போல இன்னொன்று இல்லை. கண் காயின்மேல் இருப்பதால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். சிவப்பு விழுந்ததும் "ஃபாலோ போடு!" என்று வாய் தானாகத் திறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போர்டு ஈரம் கோத்துக் காயின் நகராது. உலர்ந்த துணியால் துடைத்து ஒரு சிட்டிகை போரிக் பவுடர் தூவுங்கள்.

கெடுப்பது பெரியவர்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து "உனக்கு மேத்ஸ்ல எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது. பரீட்சை என்று இரண்டு வாரம் நிறுத்தினாலும் விட்டுப்போகும். பரீட்சை நேரத்திலும் அரை மணி நேரமாவது ஆடட்டும். எட்டு வாரமாவது விடாமல் நடத்துங்கள். நடுவில் கட்டாயம் ஒரு சண்டை வரும். பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். அடுத்த புதன் அஞ்சு மணிக்கு, வழக்கம்போல, போர்டும் சுண்டலும் அங்கே இருக்கட்டும்.