கட்டம் போட்டுத் தீர்க்கும் லாஜிக் புதிர்

முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு பென்சிலும் ரப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கண்டிப்பாக அழிக்க வேண்டி வரும்.

கமலா, ரவி, சலீம் மூவரும் ஆளுக்கொரு மாடியில், 1 முதல் 3 வரை. ஒருவருக்கு டீ, ஒருவருக்குக் காபி, ஒருவருக்கு மோர். மோர் குடிப்பவர் கமலாவுக்கு நேர் மேல் மாடி. சலீம் முதல் மாடி. முதல் மாடிக்காரர் காபியைத் தொடமாட்டார். இதற்குப் பெயர்-மாடி, பெயர்-பானம், மாடி-பானம் என்று மூன்று அட்டவணை, ஒவ்வொன்றிலும் ஒன்பது கட்டம், மொத்தம் 27தான். பொருந்தும் கட்டத்தில் 'டிக்', பொருந்தாததில் பெருக்கல் குறி.

முதல் குறிப்பிலேயே எத்தனை பெருக்கல் குறி ஒளிந்திருக்கிறது பாருங்கள்: கமலாவுக்கு மோர் இல்லை, அவர் மூன்றாம் மாடியிலும் இல்லை, மோர் முதல் மாடியிலும் இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான், 'டிக்' போட ஏதாவது கிடைக்குமா என்றே தேடுவார்கள். சலீம் முதல் மாடி என்றதும் கமலா இரண்டு, ரவி மூன்று, அப்போ மோர் ரவிக்கு. மிச்சம் உங்களுக்கே வந்துவிடும். ஒரு டிக் போட்டால் அந்த அட்டவணைக்குள் அதே வரிசையிலும் பத்தியிலும் மற்றதையெல்லாம் உடனே அடித்துவிடுங்கள்.

மூளைக்கு நல்லதா? பொறுமையும் கவனமும் பழகும், போனை மறந்து அரை மணி நேரம் உட்காருவீர்கள், அது நிச்சயம். மறதியே வராது என்பதை மட்டும் நம்பாதீர்கள். அப்படியெல்லாம் விளம்பரம் செய்த லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டு நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

சிக்கிக்கொண்டால் ஊகிக்காதீர்கள். குறிப்புகளை மறுபடி முதலிலிருந்து படியுங்கள், போன தடவை சும்மா இருந்த வரி இப்போது பேசும்.