குறிஞ்சாத் தூளும் சீனிக் குளிசையும்: அம்மாவின் நடுக்கம் நின்ற விதம்

அம்மாவுக்கு மத்தியானத்துக்கு முன் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றத் தொடங்கியது. எல்லோரும் வன்னி வெயில்தான் காரணம் என்றார்கள். குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் இரத்தச் சீனி 58 mg/dL. 70க்குக் கீழே போனாலே கவனம் வேண்டும். சலரோகத்துக்கு கிளினிக்கில் தந்த கிளிக்லசைட் குளிசையை அவர் ஒழுங்காகப் போடுகிறவர், ஆனால் மாமி கொடுத்த சிறுகுறிஞ்சாத் தூளையும் காலையில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கத் தொடங்கியிருந்தார், இரண்டுமே சீனியை இறக்குபவை என்பதால் சேரும்போது அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். "வெறும் தண்ணி மாதிரி இருக்கு தம்பி, இனிக்கேல்லை" என்றார். குறிஞ்சாவில் உள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்புச் சுவையைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும். இனிக்காவிட்டாலும் குடித்து முடிக்க வைக்க வேண்டும், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்புறம் தூள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் தூளை நிறுத்தச் சொன்னார், குளிசையைத் தொடரச் சொன்னார். நடுக்கம் அதோடு சரி.

வேலியில் படரும் குறிஞ்சா இலையைத் தேங்காய்ப்பூ போட்டு இடைக்கிடை வறை செய்து சாப்பிடுகிறோம். அந்தக் கையளவு இலை வேறு, தினமும் குடிக்கும் தூள் வேறு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது, சத்திரசிகிச்சை இருந்தால் 2 கிழமைக்கு முன்பே தூளை நிறுத்த வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுங்கள்.