‘பிளேக்’ என்றால் கொள்ளையா, பேச்சு சாமர்த்தியமா?

பையை ‘பேக்’ என்கிறோமே, அதில் ‘ல’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: ‘பிளேக்’ (blag). லண்டன் குற்றவாளிகளின் பேச்சில் இதற்கு ஆயுதம் காட்டிக் கொள்ளையடிப்பது என்று பொருள். செய்பவன் ‘பிளேகர்’. பணப்பெட்டியோடு வேனிலிருந்து இறங்கும் காவலர் வங்கி வாசலுக்குப் போக நடைபாதையைக் கடக்கும் சில விநாடிகள்தான் இவர்கள் காத்திருந்த நேரம்.

சப்டைட்டில் எழுதும்போது இந்தச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட வேண்டாம். ‘பிளாக்’ என்றால் கறுப்பு, அடுக்குமாடியின் பிளாக், வலைப்பூ எல்லாம் வந்து நிற்கும். ‘பிளேக்’ என்றாலோ கொள்ளைநோய். நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். கச்சேரி டிக்கெட்டை ‘பிளேக்’ பண்ணியதாக ஒரு பையன் சொன்னதை, ‘பிளாக்கில் டிக்கெட் வாங்கினேன்’ என்று எழுதிவிட்டேன். அவன் சல்லிக்காசு கொடுக்கவில்லை. டிக்கெட் வைத்திருந்தவரிடம் சரளமாகக் கதை அளந்து வாங்கியவன். ஒரே வரியில் அந்தப் பையனின் குணத்தையே மாற்றிவிட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

இன்று பிரிட்டனில் அதிகம் காதில் விழுவது இப்படிப் பேசியே வாங்குவது என்ற பொருள்தான். அதனால் சொல்லுக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். வங்கி, தபால் நிலையம், வேன் என்றால் கொள்ளை. டிக்கெட், வேலை, இலவசச் சாப்பாடு என்றால் ‘பேசியே வாங்கிட்டான்’. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: வேறொருவராக நடித்து, போனிலேயே ஒருவரின் வங்கி விவரத்தையோ முகவரியையோ கறப்பது. பத்திரிகைகளின் போக்கை ஆராய 2011-ல் அமைக்கப்பட்ட லெவிசன் விசாரணையில் இந்தச் சொல் அடிபட்டது இந்தப் பொருளில்தான். அங்கே ‘கொள்ளை’ என்று எழுதினால் செய்தியே பொய்யாகிவிடும்.

அப்புறம், கொள்ளை என்று உறுதியான இடத்தில் ‘திருட்டு’ என்று எழுதாதீர்கள். இங்கிலாந்தின் 1968-ம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், திருடுவதற்காக, திருடும்போதோ அதற்குச் சற்று முன்போ வன்முறையைப் பயன்படுத்தினால், அல்லது அடிப்பேன் என்று அச்சுறுத்தினால், அதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. உச்சபட்சத் தண்டனை ஆயுள். ‘கூட்டுக்கொள்ளை’யும் பொருந்தாது. அது இந்தியச் சட்டத்தில் ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து செய்வது. ‘பிளேக்’குக்கு ஆள் கணக்கு கிடையாது, துப்பாக்கியோடு ஒருவன் தனியாகப் போனாலும் அதே சொல்தான்.