கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் செய்யக்கூடாதவை: விழித்திரையையும் கொஞ்சம் கவனியுங்கள்

மாங்காய் சீசனுக்கு முன்னால் கண் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும் என்று கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் அவசரப்படுவதில் தப்பில்லை. கட்டுப் பிரித்ததும் பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டாமல் இருந்துவிடுவதுதான் தப்பு. மாற்றியது முன்னால் இருக்கும் லென்ஸை மட்டும். பின்னால் இருக்கும், காட்சி பதியும் திரையான விழித்திரை பழையதுதான். அங்கே பாதிப்பு வந்தால் வெளியே தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

ஆபரேஷனால் கண்ணுக்குள் ஏற்படும் அழற்சி, விழித்திரையின் நடுவிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கலாம். அந்த நீர் தேங்கி, மாகுலா எனும் நடுப்பகுதி வீங்கிவிடும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் வரும். 'நல்லாத்தானே தெரியுது' என்று பலரும் சொட்டு மருந்தை நிறுத்தியிருக்கும் நேரம் அது. வலி இருக்காது, கண்ணும் சிவக்காது. பஸ் போர்டில் இருப்பது பாலக்கோடா, பென்னாகரமா என்று பிடிபடாது. ஜன்னல் கம்பி நடுவில் வளைந்த மாதிரி தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் மற்ற கண் சமாளித்துக்கொள்ளும். அதனால் நல்ல கண்ணை மூடிக்கொண்டு நாள்காட்டித் தேதியைப் பார்த்துப் பழகுங்கள். ரிப்போர்ட்டில் 'இர்வின்-காஸ்' என்று எழுதியிருந்தால் இந்த வீக்கம்தான். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்திலேயே வற்றிவிடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் வரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு அது மோசமாகவும் செய்யலாம். நாள் குறிக்கும் முன்பே, "டாக்டர், விழித்திரை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். 'புரை நல்லா முத்தட்டும்' என்று காத்திருப்பது இங்கேதான் வினையாகிறது. முத்திய புரை வழியாக டாக்டருக்கு விழித்திரை தெரியாது. ஒலி அலையால் பார்க்கும் பி-ஸ்கேன் எடுத்தால் விழித்திரை கழன்றிருக்கிறதா என்று பார்க்கலாம், நுணுக்கமான வீக்கம் அதில் தெரியாது. அப்புறம் பார்வை வரவில்லை என்றால் பழி ஆபரேஷன் மேல் விழும்.

பூச்சி பறக்கிற மாதிரி கருப்புப் புள்ளிகளை 'வயசானா அப்படித்தான்' என்று விடுவது இன்னொரு தவறு. பழைய லென்ஸ் தடிமனானது, வைத்த லென்ஸ் மெலிசு. கிடைத்த இடத்தில் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் நகர்ந்து விழித்திரையை இழுக்கலாம், அரிதாகக் கிழிக்கவும் செய்யலாம். கிட்டப்பார்வைக்குத் தடிமனான கண்ணாடி போட்டிருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், வருடங்கள் கழித்தும்கூட. புள்ளிகள் திடீரென்று கூடினால், கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், ஓரத்தில் திரை இறங்கினால் சேலமோ பெங்களூரோ, விழித்திரை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அன்றைக்கே கிளம்புங்கள். கிழிசலோடு நின்றால் லேசர் போதும். விழித்திரை கழன்றுவிட்டால் பெரிய ஆபரேஷன்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தும்பைச் சாறு எதுவும் கண்ணில் விட வேண்டாம். கிருமி உள்ளே போனால் சில நாட்களிலேயே கண்ணே போய்விடும். வலியும் சிவப்பும் சேர்ந்து பார்வை மங்கினால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

மாதங்கள் கழித்து மங்கினால், 'மறுபடி சதை வளர்ந்துடுச்சு, லேசர் வச்சா சரியாயிடும்' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருந்தால் அது சரிதான். ஆனால் காரணம் சவ்வா விழித்திரையா என்பதைப் கண் பாப்பா விரிய மருந்து போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை எடுத்து விட்டுக்கொள்ளாதீர்கள். சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பையே கெடுக்கும்.